கொழகொழ, வழவழ, பிசுபிசு: சின்னக் கைகளுக்கு விரல் வண்ணம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில், எங்கள் வீட்டுப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட இடம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அங்கே ஏழெட்டுக் குழந்தைகள் வருவார்கள். தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பேர். இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரை இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் இங்கிலீஷ்தான். ஆயா (பாட்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இருக்கிற வீடாக இருந்தால் சோறு, தண்ணி, தூங்கு என்று பத்துச் சொல் காதில் விழுந்திருக்கும்.

படம் போட்ட அட்டையைக் காட்டிக் காட்டி ஒரு வருஷம் ஓட்டினேன். அட்டையைப் பார்த்தால் யானை என்பார்கள், கவிழ்த்தால் மறந்துபோகும். பட்டம் ஒட்டக் காய்ச்சிய பசை ஒருநாள் மிச்சப்பட்டது. மூன்று வயதுக்காரி ஒருத்தி அதில் மணிக்கட்டு வரை கையை விட்டுவிட்டாள். "ஐயே, கொழகொழன்னு இருக்கா?" என்றேன். "கொழகொழ" என்று சிரித்தாள். அடுத்த சனிக்கிழமை வாசலில் நுழைந்ததும் அவள் கேட்டது: "கொழகொழ எங்க?"

அதன்பிறகுதான் இதை ஒழுங்காகச் செய்யத் தொடங்கினேன். செய்து, கெடுத்து, திருத்திக் கண்டுகொண்டதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஒரு குழந்தை இருந்தாலும் இதே முறைதான்.

விரலால் எழுதுவது நமக்குப் பழசு

இன்று டப்பாவில் விற்கிற விரல் வண்ணத்துக்கு வழி போட்டவர் ரூத் ஃபெய்ஸன் ஷா என்ற அமெரிக்க ஆசிரியை. ரோம் நகரில் பள்ளி நடத்தியபோது அதை உருவாக்கி, 1930களில் அமெரிக்காவில் பரப்பினார். வண்ணம் அவருடையது. விரல் நம்முடையது. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுத்தை வரைந்து, கையால் கலைத்துவிட்டு மறுபடி எழுதினார்கள். மெட்ராஸில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதைப் பார்த்து, தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அதைப்பற்றி அச்சிட்டார். மணலில் எழுதுவதும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் சேர்ந்து 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரவிற்று. விஜயதசமி அன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுத வைக்கிறோமே, அதுவும் இதே வழிதான்.

ஆகவே "என்னம்மா இது வெள்ளைக்காரப் பழக்கம்" என்று கேட்கிற ஆயாவுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அவர்களுடைய இன்னொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லத் திணறுவேன். அது பின்னால் வருகிறது.

உண்மையில் என்ன கிடைக்கிறது

இதனால் மூளை வளரும், மேதை ஆகும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கண்ணால் பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன்.

விரல் நுனி உடம்பிலேயே மிக நுட்பமாகத் தொட்டறியும் இடங்களில் ஒன்று. மூளையில் தொடு உணர்வுக்கான பகுதியில் முதுகு முழுவதற்கும் கிடைத்த இடத்தைவிடக் கைக்குக் கிடைத்த இடம் பெரிது. சின்னக் குழந்தை உலகத்தைப் பாதி கையாலும் பாதி வாயாலும்தான் படிக்கிறது.

அடுத்தது கோடு. பென்சில் கொடுத்தால், பிடிப்பதிலேயே குழந்தையின் கவனமெல்லாம் போய்விடும். விரலுக்குப் பிடி தேவையில்லை. நினைத்த மாத்திரத்தில் கோடு விழும். பொதுவாக இரண்டு வயதில் நெட்டுக்கோட்டைப் பார்த்துப் போட வரும். மூன்று வயதையொட்டி வட்டம், நாலு வயதில் கூட்டல் குறி, அதற்குப் பிறகு சதுரம், ஐந்து வயதை ஒட்டி முக்கோணம். சாய்கோடு கடைசியில்தான் வரும். தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிற நமக்கு இந்த வரிசை தெரிந்திருந்தால் பாதிச் சண்டை மிச்சம். ட, ப, ம என்று தொடங்குகிற பழைய வழக்கத்தில் இருக்கிற நியாயமும் அப்போது புரியும். நெட்டும் கிடையும் சேர்ந்தால் ட. இன்னொரு நெட்டு போட்டால் ப. அகரத்தின் சுழிக்கு வட்டம் கைவர வேண்டும்.

மூன்றாவது, இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்வது. பெரிய தாளை நேராக வைத்து, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை வானவில் போடச் சொன்னால், கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். சின்னக் குழந்தைகள் நடுவில் வந்ததும் கை மாற்றிக்கொள்வார்கள். அப்படித் தாண்டிப் பழகுவது பின்னால் வரிசையாக எழுத உதவும்.

கைவலு வருமா என்று கேட்பார்கள். வராது, அல்லது கொஞ்சம்தான் வரும். வலு வேண்டுமானால் ரொட்டிக்கு மாவு பிசைய விடுங்கள். விரல் வண்ணம் விரல்களைத் தனித்தனியாக அசைக்கப் பழக்குகிறது. அது வேறு, வலு வேறு.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது சொல். காய்ச்சிய பசை ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை நிலை கடக்கிறது பாருங்கள். இறக்கியதும் கதகதப்பு. கையில் எடுத்தால் கொழகொழ. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வழவழ. மீலி மீல் (மக்காச்சோள ரவை) ஒரு பிடி தூவினால் சொரசொர. காயத் தொடங்கினால் பிசுபிசு. காய்ந்தபின் தாளை மடக்கினால் பொலபொலவென்று உதிரும். இங்கிலீஷில் ஒரே சொல்லை இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் தமிழ் மூன்று வைத்திருக்கிறது. இரட்டைக்கிளவி என்று இலக்கணத்தில் படித்தோமே, அது குழந்தை வாய்க்கென்றே செய்தது போல இருக்கும். ஒரே ஓசை இரண்டு முறை. சொல்லவும் வேடிக்கை, கேட்கவும் வேடிக்கை. அட்டையில் படம் போட்டு 'பிசுபிசு'வைக் காட்ட முடியாது. விரலில் ஒட்டினால்தான் உண்டு.

முதல் படி: நாளும் நேரமும்

தூக்கம் முடிந்து, வயிறு நிறைந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பசியோடு இருக்கிற குழந்தை பசையைத் தின்னும். டர்பனில் ஜூன், ஜூலை மாதக் காலை வெயில் இதற்கென்றே வந்தது மாதிரி: மழை இல்லை, புழுக்கம் இல்லை, வெளியே உட்காரலாம். டிசம்பர், ஜனவரியில் பசை சீக்கிரம் புளிக்கும், பிள்ளைகளும் சீக்கிரம் சிணுங்குவார்கள்.

தொடங்கும் முன்னால் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுங்கள். பதினாறு கையும் மஞ்சளாக நிற்கும்போது குழாயில் தண்ணீர் நின்றுபோன அனுபவம் எனக்கு உண்டு.

இரண்டாம் படி: பசை காய்ச்சுதல்

அரை கப் மெய்ஸீனா (கார்ன்ஃபிளவர் மாவு), இரண்டு கப் தண்ணீர். அரை கப் பச்சைத் தண்ணீரில் மாவைக் கரையுங்கள். மீதி ஒன்றரை கப்பைக் கொதிக்க வைத்து, தீயைக் குறைத்து, கரைத்ததை மெல்ல ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். கையை எடுத்தால் கட்டி தட்டும், அடிப்பிடிக்கும். பால் போல வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெளியும்போது இறக்கிவிடலாம். ஆற ஆற இறுகும், ஆகவே கூழ் பதத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்குங்கள். ரொம்ப இறுகிவிட்டால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு அடித்துக்கொள்ளலாம். நாலு சின்னக் கிண்ணம் வரும். மூன்று குழந்தைக்குப் போதும்.

மைதாவிலும் காய்ச்சலாம், ஆனால் கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தை இருந்தால் வேண்டாம். மீலி மீல் மட்டும் போட்டுக் காய்ச்சினால் கஞ்சியாகத்தான் வரும். அதைச் சொரசொரப்புக்கு மேலே தூவ வைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்க ஆறவிட்டு, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள். மேலே ஆறினாலும் நடுவில் சூடு பிடித்து வைத்திருக்கும்.

மூன்றாம் படி: நிறம்

இங்கேதான் எனக்குச் சமையலறை பிடிக்கும்.

மஞ்சளுக்கு மஞ்சள்தூள்: ஒரு கிண்ணத்துக்குக் கால் தேக்கரண்டி. இளஞ்சிவப்புக்கு பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு. பசை ஆறிய பிறகு சேர்த்தால்தான் நிறம் நிற்கும், சூட்டில் மங்கிவிடும். பச்சைக்குக் கீரையை அரைத்து வடிகட்டிய சாறு. ஊதாவுக்குச் சிவப்பு முட்டைக்கோஸை நறுக்கிக் கால் மணி நேரம் கொதிக்க விட்டு வடித்த தண்ணீர். அந்தத் தண்ணீரிலேயே பசையைக் காய்ச்சிவிடலாம். வாரிக் சந்தையில் ஒரு முட்டைக்கோஸ் வாங்கினால் இரண்டு வாரத்துக்கு வரும்.

நாலு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வித்தை காட்டலாம். மஞ்சள் பசையில் சிட்டிகை சமையல் சோடா போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். கண்ணெதிரே செங்காவியாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே காரணம்தான்: மஞ்சளில் இருக்கிற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். முட்டைக்கோஸ் சாறு இன்னும் வேடிக்கை. சோடா பட்டால் நீலம், அதிகமானால் பச்சை. எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பு. சுண்ணாம்பை மட்டும் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். தோலையும் கண்ணையும் அரித்துவிடும்.

கடையில் வாங்குவதாக இருந்தால் விரல் வண்ணம் என்றே போட்டிருக்கிறதா, எந்த வயதுக்கு என்று இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி செய்த விரல் வண்ணத்தில் வேண்டுமென்றே ஒரு கசப்புப் பொருள் சேர்த்திருப்பார்கள், குழந்தை வாயில் வைத்ததும் துப்பிவிட வேண்டும் என்பதற்காக. சுவருக்கு அடிக்கிற பெயிண்டில் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். பழைய டப்பாவாக இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். ஷேவிங் நுரையில் விளையாட விடுகிற பழக்கமும் எனக்குச் சம்மதமில்லை, கண்ணிலும் வாயிலும் போகும்.

ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு வண்ணமே வேண்டாம். உயர நாற்காலித் தட்டில் வேகவைத்து மசித்த பூசணியோ தயிரோ ஒரு கரண்டி போட்டு விடுங்கள், ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகியதாக இருக்கட்டும். தேன் கலக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து.

இப்போது ஆயாவின் இரண்டாவது கேள்வி. "சாப்பிடுற பொருளை இப்படி வீணாக்கலாமா?" கரும்புக் காட்டில் உழைத்தவர்களின் பேத்தி அவர்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, நான் வாதாடுவதில்லை. மூன்று குழந்தைக்கு அரை கப் மாவுக்கு மேல் எடுக்கமாட்டேன். பீட்ரூட்டில் சாறு மட்டும் எடுத்துவிட்டுத் துருவலைப் பொரியலுக்கு வைத்துவிடுவேன். முட்டைக்கோஸும் அப்படியே. பொரியல் தட்டைப் பார்த்த பிறகு ஆயா பேசுவதில்லை.

நாலாம் படி: இடமும் தாளும்

சாதாரணத் தாள் நனைந்து கிழிந்துபோகும். வழவழப்பான தாள் வேண்டும். கடைக்காரர்கள் வருஷம் பிறந்தால் கொடுக்கிற காலண்டரின் பின்பக்கம் அருமையாக இருக்கும். அதுவும் இல்லையா, ரொட்டி சுடுகிற தகரத் தட்டைக் கவிழ்த்து அதன்மேலேயே விடுங்கள். இரண்டு வயதுக்காரர்களுக்குத் தட்டுதான் நல்லது; தாளைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள்.

தாளை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பசையை வைத்தால் கை சறுக்கிப் போகும். சட்டையைக் கழற்றிவிடலாம், அல்லது அப்பாவின் பழைய சட்டையைப் பின்பக்கம் பொத்தான் வருமாறு போடலாம். பக்கத்தில் ஒரு ஈரத்துணி கட்டாயம் இருக்கட்டும். "வேண்டாம் என்றால் துடைத்துக்கொள்ளலாம்" என்று தெரிந்தால்தான் சில குழந்தை கையையே வைக்கும்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு நிறம்

முதல் நாள் நாலு நிறத்தையும் பரப்பினேன். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சேறாகிப்போயிற்று. ஒன்றோடு தொடங்குங்கள். ஒரு பெரிய கரண்டி பசையைத் தாள் நடுவில் வைத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் உங்கள் கையை அதில் வையுங்கள். காட்டிக்கொடுக்க வேண்டாம். உங்கள் கை அழுக்கானதைப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது நிறத்தைக் கால் மணி நேரம் கழித்து, தாளின் மறு மூலையில் வையுங்கள். மஞ்சளும் இளஞ்சிவப்பும் சந்திக்கிற இடத்தில் ஆரஞ்சு வரும். "பார், ஆரஞ்சு!" என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, ஆசிரியை வாய் சும்மா இருக்காது.

நிறத்தின் பேர் இங்கே ஒரு தனிக் கதை. குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஜூலு அம்மா பச்சைக்கும் நீலத்துக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்: லுஹ்லாஸா. வேறுபடுத்த வேண்டுமென்றால் புல்லைப் போல, வானத்தைப் போல என்று சேர்ப்பார். வேகாத இறைச்சிக்கும் அதே சொல். நாமும் பச்சைக்கறி, பச்சைத்தண்ணி என்கிறோம் இல்லையா? ஆகவே உங்கள் பிள்ளை நீலத்தைக் காட்டிப் பச்சை என்றால் பதறாதீர்கள். மூன்று மொழி கேட்கிற காது அது.

ஆறாம் படி: உங்கள் வாய்

"என்ன வரைஞ்சிருக்க?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். மூன்று வயதில் அது எதுவும் இல்லை. கை போன வழி. கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை உங்களுக்காக "வீடு" என்று சொல்லப் பழகிவிடும். "அழகா இருக்கு" என்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். நடப்பதைச் சொல்லுங்கள்: "விரல் நீளமா இழுத்துட்டே போகுதே." "இங்க வழவழ, அங்க சொரசொர." "ஐயோ, பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சு." ஒரு தடவைக்கு இரண்டு சொல் போதும். சொல்லு, திருப்பிச் சொல்லு என்று கேட்கக் கூடாது. கேட்டால் வகுப்பாகிவிடும், கையை எடுத்துவிடுவார்கள்.

எந்தக் கையால் வரைந்தாலும் விடுங்கள். இடது கையை நீட்டினால் "பீச்சாங்கை" என்று தட்டிவிடுகிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. எந்தக் கை என்பது மெல்ல, மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள்தான் பொதுவாக நிலைப்படும். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் வைத்து, வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுற்றச் சொல்லிப் பாருங்கள்.

ஏழாம் படி: கோடு, சுழி, எழுத்து

இது நாலு வயதுக்குப் பிறகு. பசையைத் தட்டு முழுவதும் மெல்லிசாகத் தடவி, ஒரு விரலால் மட்டும் கோடு. மழை என்று மேலிருந்து கீழே. ரோடு என்று இடமிருந்து வலம். ரொட்டி என்று வட்டம். தப்பாகப் போனால் உள்ளங்கையால் ஒரு தடவல், தட்டு மறுபடி வெறுமை. அழிரப்பரும் கிடையாது, கிழித்துப்போட்ட தாளும் கிடையாது. மணலில் எழுதியவர்களுக்கு இருந்த வசதி.

பிறகு ட, ப, ம. அதற்கு மேல் அவசரம் வேண்டாம்.

ரோடா கெல்லாக் என்ற அமெரிக்க அம்மையார் சின்னக் குழந்தைகளின் கிறுக்கல்களைப் பத்து லட்சம் அளவில் சேர்த்து வைத்துப் பார்த்தவர். கிறுக்கலில் 20 அடிப்படை வகை இருக்கிறது என்றும், வட்டத்துக்குள் கூட்டல் குறி மாதிரியான மண்டல வடிவம் குழந்தைகளிடம் திரும்பத் திரும்ப வருகிறது என்றும் சொன்னார். அதைப் படித்த பிறகு பிள்ளைகளின் தட்டைப் பார்த்தால் எனக்குக் கோலம்தான் தெரிகிறது. ஐந்து வயதுக்காரர்களுக்குத் தட்டில் நாலு புள்ளி வைத்துக் கொடுத்தேன். ஒருவன் புள்ளியைச் சுற்றினான், ஒருத்தி நாலையும் அழித்துவிட்டு ஐந்து வைத்தாள்.

படம் வேண்டும் என்று வீட்டில் கேட்டால், தட்டின்மேல் ஒரு தாளைப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தித் தூக்குங்கள். வடிவம் இடவலம் மாறித் தாளில் பதிந்துவிடும். எழுத்தாக இருந்தால் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும், அதற்கும் சிரிப்பார்கள்.

தொடவே மறுக்கிற குழந்தை

நாலில் ஒரு குழந்தையாவது எங்கள் வகுப்பில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும். கையைப் பிடித்து உள்ளே அமுக்காதீர்கள், ஒரு முறை அப்படிச் செய்தால் பிறகு கிட்டவே வராது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் இரண்டு கரண்டி பசையைப் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை டேப்பால் ஒட்டி, ஜன்னல் கண்ணாடியில் பதித்துவிடுங்கள். வெளியிலிருந்து விரலால் கோடு போடும். அடுத்த வாரம் ஒரு குச்சி. அதற்கடுத்த வாரம் ஒரு விரல் நுனி. எங்களிடம் ஒரு பையன் ஏழு வாரம் எடுத்துக்கொண்டான்.

சாப்பாடு, சட்டை, மணல், தலை வாருதல் எல்லாவற்றிலும் இதே மாதிரி பதறுகிற குழந்தையாக இருந்தால் கிளினிக்கில் சொல்லித் தொழில்வழிச் சிகிச்சையாளரை (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) பார்ப்பது நல்லது.

கடைசிப் படி: கழுவுதல்

கழுவுவதையும் விளையாட்டில் சேர்த்துவிடுங்கள். ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், அவர்களே ஒரு விரலுக்கு ஒரு விரல் தேய்க்கட்டும். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். ஐந்து விரலின் பேரும் இங்கேதான் மனப்பாடமாயின.

பசையைச் சமையல் தொட்டியில் அப்படியே கொட்டாதீர்கள், குழாயில் போய் இறுகும். குப்பையிலோ செடிக்கடியிலோ போடுங்கள். மிச்சத்தை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். புளிச்ச வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பீட்ரூட் கறை தண்ணீரில் போய்விடும். மஞ்சள் போகாது. துணியில் பட்டால் சோப்பு போட்டு (சோப்பில் சிவந்துபோகும், பயப்படாதீர்கள்) அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் கொடியில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது, இரண்டு மூன்று வெயிலில் வெளுத்துவிடும். வெயில் படாத இடமென்றால் கதை வேறு. ஒரு மழைநாளில் வாடகைக்கு எடுத்த கூடத்தில் வகுப்பு வைத்தோம். பின்சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மூன்று வயதுக் கை ஒன்று ஐந்து விரலோடு பதிந்துபோயிற்று. இரண்டு தடவை வெள்ளை அடித்துக் கொடுத்தேன். இன்னும் லேசாகத் தெரிகிறது.